பார்சலை யாரோ பார்க்கிறார்கள்

ரூபினியின் தலைமுடி கொட்டிக்கொண்டிருக்கிற விஷயம் அவளுக்கும், அவள் அம்மா அம்புஜத்துக்கும், ஒரு தோல் டாக்டருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தெரியாது என்றுதான் அந்த நவம்பர் மாதம் வரை அம்மாவும் பெண்ணும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் காதுக்குப் பின்னால் எட்டணா அளவுக்கு ஒரு வழுக்கை. அப்புறம் உச்சியில் ஒன்று. பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள் அவள். கடையில் இருந்த களிம்பு, எண்ணெய், மாத்திரை ஒன்று விடாமல் தடவியும் விழுங்கியும் பார்த்துவிட்டாள். ஆடிக்கு முன்னால் அடுகோடியிலிருந்து கிரணின் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது நிலைமை இவ்வளவு மோசமில்லை. கொஞ்சம் சவுரி, நிறைய மல்லிகைப்பூ, சமாளித்தாகிவிட்டது. நிச்சயதார்த்தமும் முடிந்தது. தை மாதம் கல்யாணம். நிச்சயம் முடியட்டும் என்று காத்திருந்ததுபோல அதற்கப்புறம்தான் முடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கியது. தலையணையைத் தட்டினால் முடி. சாம்பார் கிண்ணத்தில்கூட முடி.

"தாலி ஏறட்டும்டி. அப்பறம் எவன் இன்னா பண்ணுவான்?" என்றாள் அம்புஜம். அவளுக்கு எல்லாப் பிரச்சினைக்கும் தாலிதான் மருந்து.

ரூபினிக்கு அப்படி நினைக்க முடியவில்லை. காரணம், அவளுக்குக் கிரணைப் பிடித்துப்போயிருந்தது. பிடிக்காத மாப்பிள்ளையாக இருந்தால் ஏமாற்றுவது எவ்வளவு சுலபம்! கிரண் லிப்ட் ரிப்பேர் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தான். தினமும் சாயங்காலம் போன் செய்வான். எந்தக் கட்டடத்தில் யார் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள், என்னென்ன சொல்லிக் கத்தினார்கள் என்று கதை கதையாகச் சொல்வான். கதவு திறக்கிறவரைக்கும் அவன் வெளியே நின்று அவர்களோடு பேசிக்கொண்டே இருப்பானாம். "உள்ள கீறவங்களுக்கு யாரோ வெளியே நிக்கறாங்கன்னு தெரிஞ்சா போதும், பயம் பாதி போயிடும்" என்று ஒரு நாள் சொன்னான். அன்றைக்கே ரூபினி விழுந்துவிட்டாள் என்று சொல்லலாம்.

கல்யாணத்தன்று ஒரு பெரிய ஆபத்து காத்திருந்தது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் பெண்ணுக்குப் பின்னால் நிற்கிற நாத்தனார், ஜடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டு முடிச்சையும் போடுவாள். கிரணின் தங்கை சிந்துதான் நாத்தனார். அவள் கை பிடரியில் படும். அவள் கண் மண்டைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். சவுரியைக் கோத்துக் கட்டவும் தலையில் கொஞ்சமாவது முடி வேண்டாமா? அதுவும் போய்க்கொண்டிருந்தது.

சிவாஜி நகரில் விக் கிடைக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டால் கட்டபொம்மன் நாடகத்தில் வேஷம் கட்டினதுபோல இருக்கும். வாங்குகிற இடத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்துத் தொலைத்தால் அதோடு கதை முடிந்தது. சீனாவிலிருந்து வரவழைக்கிற விக்கோ, நெற்றியோரம் வலையாக ஒட்டி, மண்டையிலிருந்தே முளைத்ததுபோல இருக்குமாம். அதை விற்கிற வலைத்தளத்தில் 'அசல் இந்தியக் கூந்தல்' என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். நம் ஊர்க் கோயிலில் எந்தப் புண்ணியவதியோ வேண்டிக்கொண்டு மழித்துப் போட்ட முடி, கப்பலேறிச் சீனாவுக்குப் போய், தைத்து, சீவி, மறுபடியும் நம் ஊருக்கே வர இருந்தது. முடிக்குக் கிடைத்த யோகம் அது.

வெளிநாட்டில் வாங்கக் கிரெடிட் கார்டு வேண்டும். அது முகேஷிடம்தான் இருந்தது. முகேஷ் காக்ஸ் டவுனில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். போன் பாட்டரி, கிடார் கம்பி, கேமரா லென்ஸ் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் தன் கார்டில் வாங்கிக் கொடுப்பான். எல்லோரும் நாள் தவறாமல் வந்து "என் சாமான் எங்கப்பா?" என்று உயிரை வாங்கியதால் ஒரு தந்திரம் செய்தான். மூலையில் இருந்த கம்ப்யூட்டரில், நரிப் படம் போட்ட பிரவுசருக்குள், பார்சல்களைப் பின்தொடர்கிற ஒரு பட்டையைப் பொருத்திவிட்டான். திரையின் அடியில் சின்னச் சின்னப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒருவருடைய பார்சல். பெட்டியைத் தட்டினால் பார்சல் இப்போது எந்த நாட்டில் இருக்கிறது, யார் பெயருக்கு வருகிறது என்று காட்டும். கூடவே பொருளின் சின்னப் படமும் வரும். அவரவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். எல்லோருக்கும் ஒரே பட்டை. மறைவு என்கிற பேச்சே அங்கே கிடையாது.

"ஃப்ரெண்டோட சர்ச்ல கிறிஸ்மஸ் டிராமா. அதுக்குத்தான் விக்" என்று ரூபினி முகேஷிடம் அளந்திருந்தாள். அவனும் பெட்டிக்கு 'டிராமா' என்றே பெயர் வைத்தான்.

முதல் வாரம் சந்தோஷமாகத்தான் போனது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் சென்டருக்குள் நுழைவாள். துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பெட்டியைத் தட்டுவாள். குவாங்சோவில் தபாலில் சேர்த்தாகிவிட்டது. விமானத்துக்குப் போய்விட்டது. வாயில் நுழையாத அந்த ஊர்ப் பெயர் அவளுக்கு மாமா வீடு மாதிரி பழகிப்போனது.

அப்புறம்தான் ஒரு நாள் அந்த வரி கண்ணில் பட்டது. படத்துக்குக் கீழே, எறும்பு மாதிரி பொடி எழுத்தில்: 'கடைசியாகப் பார்த்தது: இன்று காலை.'

இன்று காலை ரூபினி கடையில் இருமல் மருந்துக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை என்றால் யார் பார்த்தது?

மறுநாளும் போய்ப் பார்த்தாள். மறுபடியும் காலையில் யாரோ பார்த்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த நாளும். ஞாயிற்றுக்கிழமைகூட அந்த மகராசனோ மகராசியோ லீவு எடுக்கவில்லை.

"முகேஷ், என் பார்சல நீங்க எடுத்துப் பாக்கறீங்களா?" என்று கேட்டேவிட்டாள்.

"நான் ஏன் மேடம் பாக்கறேன்? எனக்கு வேற வேல இல்லியா? சும்நே டென்ஷன் ஆகாதீங்க. வந்தா போன் பண்றேன், ஆய்த்தா?" என்று அவன் பாதிக் கன்னடத்தில் சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. வேலை இல்லாதவன்தானே வேலை இல்லியா என்று கேட்பான்? ஆனால் முகேஷ் எல்லோரிடமும் அப்படித்தான் சிரித்தான். கரண்ட் போனால்கூடச் சிரித்துக்கொண்டேதான் மெழுகுவர்த்தி தேடுவான். அவனை விட்டுவிட்டு மற்றவர்கள் மேல் அவள் கண் போயிற்று.

சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் எதைப் பார்த்தாலும் அத்தாட்சிதான். மருந்துக் கடை முதலாளி அவள் தலைக்கு மேலே இருந்த காலண்டரைப் பார்த்தால், தலையைப் பார்க்கிறார் என்று தோன்றியது. அவள் வீடு இருந்த ஜீவனஹள்ளியில் எதிர்வீட்டுக்காரி "இன்னாம்மா, இப்பல்லாம் பூவே வெக்கறதில்ல?" என்று கேட்டதற்கு இரண்டு நாள் தூக்கம் போனது. ஒரு சாயங்காலம் கிரண் போனில், "ஞாயித்துக்கெழம முடி வெட்டிக்கணும், காடு மாதிரி வளந்து போச்சு" என்றான்.

உலகத்தில் பேச எத்தனையோ இருக்க, இன்றைக்குப் பார்த்து முடிப் பேச்சு எதற்கு? ஆழம் பார்க்கிறானோ?

"ஏன் திடீர்னு முடியப் பத்திப் பேசறீங்க?" என்றாள்.

"முடி வளந்தா முடியப் பத்திதான பேசுவாங்க?" என்றான் அவன், பாவம்.

அன்றைக்கு அவள் சீக்கிரமே போனை வைத்துவிட்டாள். தனக்குப் பிடித்த ஒரே குரலையும் நம்ப முடியாமல் போய்விட்டதே என்று அழுகை வந்தது. அழுதாள்.

முகேஷ்தான் போகிற போக்கில் அந்த வெடியைக் கொளுத்திப் போட்டான். "மேடம், உங்க நாத்தனார் ஆகப்போறவங்க தெனம் காலைல இங்கதான் வர்றாங்க, தெரியுமா? நேத்துதான் சொன்னாங்க, ரூபினி எங்க அண்ணின்னு. அந்தக் கார்னர் மிஷின்தான் வேணும்பாங்க."

சிந்து பக்கத்துத் தெருவில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். பள்ளிக்கு முன்னால் சென்டருக்கு வருகிறாள். மூலைக் கம்ப்யூட்டரில் உட்காருகிறாள். காலையில் யாரோ பார்சலைப் பார்க்கிறார்கள். இதற்கு மேலும் என்ன வேண்டும்? தெரிந்துகொண்டே இவ்வளவு நாளும் "அண்ணி, அண்ணி" என்று தேனாகப் பேசியிருக்கிறாள். மணமேடையில் எல்லோர் முன்னாலும் ஜடையைப் பிடித்து இழுக்கப் போகிறாள். ரூபினியின் மனசில் அந்தக் காட்சி அப்படியே ஓடியது. மேளம் நிற்பதுகூடக் கேட்டது.

மறுநாள் காலை, கடையில் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டுச் சென்டருக்குப் போனாள். சிந்து மூலையில்தான் இருந்தாள். ரூபினியைக் கண்டதும் முகம் மாறியது. சட்டென்று எதையோ கீழே இறக்கி மறைத்தாள். திரை வெறுமையானது.

"அண்ணி! இங்க எங்க?"

"அதத்தான் நான் கேக்கறேன். இன்னா மறைச்ச?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"ஒண்ணும் இல்லாமதான் தெனம் வந்து பாக்கறியா? எனக்கு எல்லாம் தெரியும் சிந்து. உங்க அண்ணன்கிட்ட சொல்லணும்னா சொல்லிடு. இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு பாக்காத."

சிந்து பேந்தப் பேந்த விழித்தாள். "எத அண்ணி?"

"என் பார்சல!"

"எந்தப் பார்சல்?"

நடிக்கிறாள் என்றே ரூபினி நினைத்தாள். ஆத்திரம் கண்ணை மறைத்தது. சிந்துவின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினாள். "இதோ பாரு. 'டிராமா.' இந்தப் பெட்டிய நான் காலைல தொடறதே இல்ல. கீழ இன்னா போட்டுருக்கு, படி. கடைசியாப் பாத்தது..."

தட்டினாள். பெட்டி விரிந்தது. அவள் பார்த்த பழைய நேரம்தான் இருந்தது, நேற்றுச் சாயங்காலம். ரூபினியின் விரல் திரையில் இருக்கும்போதே, யாரும் எதையும் தொடாமல், ஓரத்தில் இருந்த சின்ன அம்புக்குறி தன்னால் சுழன்றது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. நின்றது. 'கடைசியாகப் பார்த்தது: இப்போது' என்று எழுத்து மாறியது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

பார்த்தது யாருமில்லை. அந்தப் பட்டையேதான். தினமும் காலையில் முகேஷ் கம்ப்யூட்டரைப் போட்ட கொஞ்ச நேரத்தில், யாரும் கேட்காமலே அது தன்பாட்டுக்குச் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் ஓடி எல்லோருடைய பார்சலையும் பார்த்துவிட்டு வந்து நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தது. அந்த மூளையில்லாத மிஷினுக்குப் பயந்துதான் அவள் இத்தனை நாள் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தாள்.

இப்போதுதான் முதல்முறையாக, அவளையும் முகேஷையும் தவிர இன்னொரு மனுஷப் பிறவி அந்தப் பெட்டியைப் பார்த்தது. பெட்டியில் படம் இருந்தது. 'ஃபுல் லேஸ் விக், ஹியூமன் ஹேர்' என்று இருந்தது. அதற்குக் கீழே ரூபினி, ஜீவனஹள்ளி என்று முகவரி இருந்தது. சிந்து நிதானமாக மூன்றையும் படித்தாள். அப்புறம் ரூபினியின் துப்பட்டாவைப் பார்த்தாள்.

"அது சர்ச் டிராமாவுக்கு மேடம்!" என்று முகேஷ் கல்லாவிலிருந்து உதவிக்கு வந்தான். அவள் சொல்லி வைத்த பொய், வேளை பார்த்து அவளைக் காப்பாற்ற ஓடிவந்தது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"யாருக்கு அண்ணி?" என்று சிந்து மெதுவாகக் கேட்டாள்.

ரூபினிக்கு ஒரே அலுப்பாக வந்தது. எத்தனை பேரை இனிமேல் காவல் காப்பது? இந்தப் பெண்ணை, முகேஷை, எதிர்வீட்டுக்காரியை, காலண்டர் பார்க்கிற முதலாளியை?

"எனக்கு" என்றாள்.

சிந்து, மறைத்து வைத்திருந்த ஜன்னலை மேலே கொண்டுவந்தாள். திரை முழுக்க ஜடைகள். பூ ஜடை, முத்து ஜடை, தாழம்பூ வைத்துப் பின்னிய ஜடை. "கல்யாணத்தன்னிக்கு நான்தான் உங்களுக்குப் பின்னி விடணும்னு டிசைன் தேடிட்டிருந்தேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு மறைச்சேன்" என்றாள். "நான் அண்ணன்கிட்ட சொல்லமாட்டேன். ஆனா நீங்க சொல்லிடுங்க அண்ணி. எனக்குப் பொய் சொல்ல வராது, என் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்."

அன்று சாயங்காலம் கிரணை ரிச்சர்ட்ஸ் பார்க்குக்கு வரச் சொன்னாள். ஆள் நடமாட்டமில்லாத பெஞ்சில் உட்கார்ந்து, எதுவும் சொல்லாமல் துப்பட்டாவை எடுத்தாள். கிளிப்புகளைக் கழற்றினாள். சவுரி மடியில் விழுந்தது. மிச்சம் இருந்த முடி, அறுத்து முடிந்த வயலில் அங்கங்கே நிற்கிற தாள் மாதிரி இருந்தது. காற்று பட்டதும் மண்டை சில்லிட்டது.

கிரண் நெடுநேரம் பார்த்தான்.

"எப்பத்திலருந்து?"

"ரெண்டு வருஷமா. நிச்சயத்துக்கு அப்பறம்தான் ரொம்ப. சீனாவிலருந்து ஒண்ணு வரவழைக்கறேன். ஒட்டிக்கிட்டா தெரியாது."

"தெனம் போன்ல பேசனோமே ரூபினி."

"பயமா இருந்துச்சு."

"எதுக்குப் பயம்? நான் இன்னா சொல்வேன்னு நீயே முடிவு பண்ணிட்ட. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கவே இல்ல." அவன் குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்று செல்போனை எடுத்தான். "அந்தப் பார்சல் நம்பர் சொல்லு."

"எதுக்குங்க?"

"சொல்லு."

சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகச் செல்போனில் ஏற்றிக்கொண்டான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் நம்பரைக் கேட்டதுதான் அவளுக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்புஜம் தலையில் அடித்துக்கொண்டாள். "கெடுத்தியேடி! உன் வாயாலயே கெடுத்துக்கினியே! நம்பர எதுக்குக் கேட்டான்? நாளைக்குப் பெரியவங்கள இட்டுக்கினு வந்து, இதோ சாட்சின்னு விரிச்சுப் போடத்தான்."

ரூபினிக்கும் அப்படித்தான் பட்டது. சாயங்காலம் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. வாசலில் ஆட்டோ நின்றால், அடுகோடியிலிருந்துதான் ஆள் வந்துவிட்டார்கள் என்று அம்மாவும் பெண்ணும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். சென்டர் பக்கமே அவள் போகவில்லை. விக் எந்த நாட்டில் கிடந்தால் என்ன, யாருக்கு வேண்டும் இனிமேல்? சிந்துவை ஒரு தடவை மார்க்கெட்டில் பார்த்தாள். "அண்ணன் வீட்ல ஒண்ணுமே பேச மாட்டேங்குது அண்ணி. ஆபீஸ்லருந்து லேட்டாதான் வருது" என்றாள். ஏன் லேட்டு? வக்கீலைப் பார்க்கிறானா? வேறு பெண் பார்க்கிறார்களா? சந்தேகத்துக்குத் தீனி போட வெளியிலிருந்து யாரும் வரவே வேண்டாம், அவள் மனசே ஓட்டல் நடத்தியது.

கடையில் கூட்டமாக இருந்த ஒரு மதியம் செல்போன் அடித்தது. கிரண்.

எடுக்கவே கை வரவில்லை. எடுத்தாள்.

"ரூபினி, உன் பார்சல் மெட்ராஸ் கஸ்டம்ஸ தாண்டிருச்சு. இன்னிக்கு பெங்களூர்ல எறங்கிருச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெனம் பாக்கறேனே. வேல முடிஞ்சதும் ஆபீஸ் பக்கத்துல ஒரு சென்டர்ல உக்காந்து நம்பரப் போட்டுப் பாத்துட்டுதான் வீட்டுக்குப் போறேன். நடுவுல மூணு நாள் அசையவே இல்ல தெரியுமா? எங்கனா தொலைச்சிட்டாங்களோன்னு எனக்கு ஒரே டென்ஷன்."

"ஏன் போன் பண்ணல?"

"கோவம்."

"இப்போ?"

"இப்பவும் கோவம்தான். கொஞ்சம்." மறுமுனையில் எங்கோ லிப்ட் மணி அடித்தது. "தபால் ஆபீசுக்குத் தனியாப் போவாத. பிரிச்சுக் காட்டச் சொன்னாலும் சொல்வாங்க. நானும் வர்றேன். நீ வெச்சுப் பாரு, புடிச்சா வெச்சுக்கோ. புடிக்கலன்னா அந்த சர்ச்சுக்கே டிராமாவுக்குக் குடுத்துடலாம், சிந்து சொல்லுச்சு."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் ரூபினிக்கு மூக்கு ஒழுகியது. முன்னால் நின்ற கிழவர் தன் சர்க்கரை மாத்திரைக்குப் பில் கேட்டு மேஜையைத் தட்டினார். முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார். காலண்டரைத்தானா, இவளைத்தானா என்று அவள் கவனிக்கவில்லை.

"சரி, வேலையப் பாரு, வெக்கறேன்" என்றான் கிரண்.

"இருங்க" என்றாள் அவசரமாக. தன் பார்சலை யாரோ தினமும் பார்க்கிறார்கள் என்று மாதம் முழுக்கச் செத்துப் பிழைத்தவள், துப்பட்டா முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நாளைக்கும் பாத்துச் சொல்றீங்களா?"